டிராவில் முடிந்த ஒரு கிளப் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளப் அளவில் சதுரங்கம் ஆடுகிறவர்களிடம் "ஆட்டம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் வென்றவரும் தோற்றவரும் கதை சொல்வார்கள். டிரா செய்தவர் மட்டும் "சும்மா டிராதான்" என்று முடித்துக்கொள்வார். அந்த "சும்மா"வை நான் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு போட்டியில் நான் கறுப்புக் காய்களோடு ஆடி டிரா செய்த ஆட்டத்தைப் புதியவர்களுக்குப் பல முறை பலகையில் வைத்துக் காட்டியிருக்கிறேன். அப்போது அவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்தான் இவை.

அது என்ன ஆட்டம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்விஸ் முறைப் போட்டி (தோற்றாலும் வெளியேறாமல், ஏறக்குறைய சமப் புள்ளி எடுத்தவரோடு ஆடுவது), ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். எதிராளியின் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 1740, என்னுடையது 1540. ஃபிரெஞ்சு தற்காப்பு என்ற தொடக்கத்தை ஆடினேன். மூன்றாவது நகர்விலேயே அவர் நடுச் சிப்பாய்களை ஒன்றுக்கொன்று வெட்டி மாற்றிவிட்டார். இதை எக்ஸ்சேஞ்ச் வகை என்பார்கள். அவருக்கு டி4, எனக்கு டி5 (எழுத்து பலகையின் நீளக் கோடு, எண் குறுக்கு வரிசை) என்று பலகை கண்ணாடியில் பார்ப்பதுபோல இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். 15வது நகர்வில் டிரா கேட்டேன், மறுத்துவிட்டார். 19வது நகர்வில் ஒரு சிப்பாயை இழந்தேன். 40 நகர்வுக்குப் பக்கத்தில் ராஜாக்களைத் தவிர யானைகளும் (ரூக்) சிப்பாய்களும் மட்டும் மிஞ்சின. 64வது நகர்வில், ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது என்று நடுவரிடம் கோரி அரைப் புள்ளி வாங்கினேன்.

ஒரே மாதிரி நிலையில் தொடங்கினால் டிராதானே ஆகும்?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் வகையை ஆடிவிட்டாலே அரைப் புள்ளி பைக்குள் வந்த மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில் அந்தத் தொடக்கத்தில் ஈ கோடு முழுதாகத் திறந்து கிடக்கிறது. இரண்டு பேரின் யானைகளும் அங்கேதான் வரும், காய்கள் வேகமாக மாறும், ஒரு கவனக்குறைவுக்கு உடனே விலை கொடுக்க வேண்டும். சமநிலை என்பதற்கு இரண்டு பேருக்கும் ஒரே அளவு வேலை இருக்கிறது என்றுதான் அர்த்தம். வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நான் அங்கேதான் தடுமாறினேன்.

19வது நகர்வில் என்ன தவறு?

என் டி5 சிப்பாயை அவருடைய சி3 குதிரையும் எஃப்3 பிஷப்பும் தாக்கிக்கொண்டிருந்தன. என் எஃப்6 குதிரையும் டி8ல் இருந்த ராணியும் காவல். இரண்டுக்கு இரண்டு, கணக்குச் சரி. எஃப்6 குதிரையை எஃப்8 பக்கம் கொண்டுபோக ஆசைப்பட்டு டி7க்கு நகர்த்தினேன். குதிரையின் காவல் போனது. அதே குதிரை டி கோட்டில் ராணிக்கு முன்னால் போய் நின்றதால் ராணியின் காவலும் அடைபட்டது. ஒரே நகர்வில் இரண்டு காவலையும் நானே எடுத்துவிட்டேன். சி6க்கு ஒரு சிப்பாயை முன்பே தள்ளியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

கிளப் ஆட்டங்களில் சிப்பாய் போவது பெரும்பாலும் இப்படித்தான். ஆழமான கணக்கில் தவறுவதைவிட, நகர்த்தும் காய் இப்போது எதைக் காக்கிறது, யாருடைய வழியை மறைக்கப்போகிறது என்று பார்க்காமல் விடுவதால்தான் அதிகம் இழக்கிறோம். ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளப் பழகுங்கள்.

டிரா கேட்க சரியான முறை எது?

பலகையில் உங்கள் நகர்வைச் செய்யுங்கள். கடிகாரத்தை அழுத்தும் முன் டிரா கேளுங்கள். அப்புறம் அழுத்துங்கள். ஸ்கோர் ஷீட்டில் (நகர்வுகளை எழுதும் தாள்) இரண்டு பேரும் அந்த நகர்வுக்குப் பக்கத்தில் சமக்குறி (=) போட வேண்டும். நான் 15வது நகர்வில் கடிகாரத்தை அழுத்திய பிறகு, அவர் யோசிக்கத் தொடங்கிய நேரத்தில் கேட்டேன். அப்படிக் கேட்டாலும் கோரிக்கை செல்லும். ஆனால் எதிராளியின் யோசனையைக் கலைத்த குற்றம் சேரும், திரும்பத் திரும்பச் செய்தால் நடுவர் தண்டிக்கலாம். எனக்கு அன்று அது தெரியாது. ஆட்டம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம். கேட்டதைத் திரும்பப் பெற முடியாது. "அடுத்த சுற்றில் நீங்கள் இப்படிச் செய்தால்" என்பது போல நிபந்தனை வைக்கவும் முடியாது. சில போட்டிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கை நகர்வுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்ற விதி இருக்கும். முதல் சுற்றுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எதிராளி பதிலே சொல்லவில்லை என்றால்?

அவர் பதில் சொல்லும் வரை கோரிக்கை உயிரோடு இருக்கும். வாயால் மறுக்கலாம், அல்லது நகர்த்தும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொட்டாலே மறுத்ததாகிவிடும். என் எதிராளி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நிமிடம் யோசித்தார், யானையை எடுத்து ஈ1ல் வைத்தார். அதுவே பதில். இதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு சிப்பாய் குறைந்தால் தோல்வி நிச்சயம் இல்லையா?

இல்லை. இதை நம்பாததால்தான் எத்தனையோ பேர் காப்பாற்றக்கூடிய ஆட்டத்தைத் தோற்கிறார்கள். சிப்பாய் போனதும் மனம் உடைந்து அவசரமாகத் தாக்கப்போய் இரண்டாவதையும் கொடுத்துவிடுகிறார்கள்.

சிப்பாய் குறைந்தவர் நினைவில் வைக்க வேண்டிய பழைய பாடம்: பின்தங்கியவர் சிப்பாய்களை மாற்ற வேண்டும், முன்னிலையில் உள்ளவர் பெரிய காய்களை மாற்ற வேண்டும். சிப்பாய்கள் குறையக் குறைய ராணியாக மாற வழியுள்ளவை குறையும், டிராவுக்கான வாய்ப்பு கூடும். எங்கள் ஆட்டத்தில் யானை முடிவுக்கு வந்தபோது அவருக்கு டி, ஜி, எச் சிப்பாய்கள், எனக்கு ஜி, எச். அவர் ஆசைப்பட்டு எச் சிப்பாயைத் தள்ளினார், மாறியது. பிறகு ஜி சிப்பாயும் மாறியது. அவர் பலகையைச் சுத்தமாக்கினால் டி சிப்பாய் சுலபமாக ஓடிவிடும் என்று நினைத்தார். எனக்கோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூச்சு இலேசானது. கடைசியில் அவருக்கு யானையும் டி சிப்பாயும், எனக்கு யானை மட்டும்.

யானை முடிவுகளில் இன்னொரு ஆறுதல், தற்காப்பவரின் யானை துடிப்பாக இருந்தால் ஒரு சிப்பாய் குறைவு தாங்கும். வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடும் பிஷப்கள் மிஞ்சினால் சில சமயம் இரண்டு சிப்பாய் குறைவுகூடத் தாங்கும். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் முடிவில்தான் ஒரு சிப்பாய் பெரும்பாலும் ஆட்டத்தை முடித்துவிடும். அதனால் பின்தங்கியிருக்கும்போது கடைசி யானையை மாற்றும் முன் பத்து முறை எண்ணுங்கள்.

யானையும் சிப்பாயும் எதிராக யானை மட்டும். எப்படித் தப்பித்தீர்கள்?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு நிலை தெரிந்திருந்ததால்தான் அரைப் புள்ளி கிடைத்தது. பலகையில் வைத்துப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஈ5, யானை எச்7, சிப்பாய் டி5. கறுப்பு: ராஜா டி8, யானை பி6.

இதற்குப் பெயர் பிலிடோர் நிலை. பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் 1777லேயே இதை அலசிக் காட்டினார். தற்காப்பவரின் ராஜா, சிப்பாய் ராணியாக மாற வேண்டிய கட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. யானை ஆறாவது வரிசையைக் காவல் காக்கிறது. அந்த வரிசையில் என் யானை இருக்கும்வரை வெள்ளை ராஜா அங்கே ஏற முடியாது. நான் செய்ய வேண்டியது யானையை ஏ6, பி6 என்று அந்த வரிசையிலேயே நகர்த்திக்கொண்டிருப்பது மட்டும்.

அவருக்கு முன்னேற ஒரே வழி சிப்பாயை டி6க்குத் தள்ளுவது. அது நடந்த அந்த நொடிதான் முக்கியம். டி6ல் சிப்பாய் வந்ததும் வெள்ளை ராஜாவுக்கு ஒளிந்துகொள்ள இடம் போய்விடுகிறது. உடனே யானையைப் பி1க்கு, அதாவது பலகையின் அந்தக் கோடிக்கு, கொண்டுபோக வேண்டும். ராஜா ஈ6க்கு ஏறி யானையால் எச்8ல் மேட் (ராஜா தப்பவே முடியாத செக்) என்று மிரட்டும். என் யானை ஈ1ல் செக். ராஜா டி5க்கு வந்தால் டி1ல் செக். மறுபடி ஈ6 என்றால் மறுபடி ஈ1ல் செக். யானை தூரத்தில் இருப்பதால் ராஜாவால் அதை நெருங்கிப் பிடிக்க முடியாது. சிப்பாயை விட்டு விலகினால் சிப்பாய் போய்விடும்.

சிப்பாய் நகரும் முன்பே அவசரப்பட்டு யானையைக் கீழே கொண்டுபோனால் வெள்ளை ராஜா ஆறாவது வரிசைக்கு ஏறிவிடும், சிப்பாய் பின்னால் இருந்து மறைப்பு கொடுக்கும். அப்போதும் காப்பாற்ற வழி உண்டு, ஆனால் கடினமான வழி. சிப்பாய் நகர்ந்த பிறகும் ஆறாவது வரிசையிலேயே சும்மா இருந்தால் அடுத்த நகர்வில் மேட் மிரட்டலில் மாட்டிக்கொள்வோம். யானையை எட்டாவது வரிசைக்குக் கொண்டுவந்து ராஜாவுக்குப் பக்கத்தில் காவல் நிற்கலாமே என்று கேட்பார்கள். ஓரச் சிப்பாய்க்கும் அதற்கு அடுத்த குதிரைக் கோட்டுச் சிப்பாய்க்கும் அது பலிக்கும். நடுச் சிப்பாய்க்குப் பலிக்காது.

எனக்கு அப்போது ஆறு நிமிடமும் கூடுதல் விநாடிகளும் இருந்தன. போதுமானதற்கு மேல். தெரிந்த நிலையில் நேரம் தேவைப்படுவதில்லை.

வேறு எந்த டிரா நிலைகளைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

முதலில் ராஜாவும் ஒரு சிப்பாயும் எதிராக ராஜா. ஒற்றைக் கட்டம் நடுவில் விட்டு ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்பதை எதிர்நிலை என்போம். யார் நகர வேண்டிய முறை என்பதில்தான் அங்கே வெற்றியும் டிராவும் பிரிகின்றன. அடுத்தது, ஓரச் சிப்பாயோடு தவறான நிற பிஷப். சிப்பாய் ராணியாகும் மூலைக் கட்டத்தின் நிறத்தில் அந்த பிஷப் ஓடவில்லை என்றால், தற்காக்கும் ராஜா அந்த மூலைக்குப் போய்ச் சேர்ந்தாலே டிரா. ஒரு முழு பிஷப் கூடுதலாக இருந்தும் வெல்ல முடியாது என்பதைப் புதியவர்கள் முதல் முறை பார்க்கும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்த இரண்டும் பிலிடோரும் போதும், ஒரு வருடத்துக்கு.

மூன்று முறை ஒரே நிலை என்று எப்படிக் கோருவது?

இங்கேதான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மூன்றாவது முறை அந்த நிலையை உண்டாக்கப்போகும் நகர்வைப் பலகையில் செய்யாதீர்கள். ஸ்கோர் ஷீட்டில் எழுதுங்கள், கடிகாரத்தை நிறுத்துங்கள், நடுவரைக் கூப்பிட்டு "இந்த நகர்வோடு நிலை மூன்று முறை வருகிறது, டிரா கோருகிறேன்" என்று சொல்லுங்கள். நான் 60, 62 நகர்வுகளில் யானையை ஈ1ல் வைத்து செக் கொடுத்திருந்தேன். 64வதாக அதையே எழுதிவிட்டுக் கையை உயர்த்தினேன். நடுவர் இரண்டு ஸ்கோர் ஷீட்டையும் வாங்கி, ஆட்டத்தைத் திரும்ப நகர்த்திப் பார்த்து ஒப்புக்கொண்டார். எதிராளியே நகர்த்தி மூன்றாவது முறை நிலை வந்துவிட்டால், உங்கள் முறை வந்ததும் எதையும் தொடாமல் கோரலாம். காயைத் தொட்டுவிட்டால் அந்த நகர்வில் கோரும் உரிமை போய்விடும்.

நிலை என்பது காய்கள் இருக்கும் இடம் மட்டுமல்ல. நகர வேண்டியவர் அதே ஆளாக இருக்க வேண்டும், காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது) உரிமை உட்பட செய்யக்கூடிய நகர்வுகள் எல்லாம் அதேபோல இருக்க வேண்டும். நகர்வுகள் அடுத்தடுத்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கோரிக்கை தவறாகிப்போனால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும், எழுதிய நகர்வைச் செய்தே ஆக வேண்டும். யாருமே கோராமல் ஐந்து முறை வந்துவிட்டால் ஆட்டம் தானாகவே டிரா.

50 நகர்வு விதி?

இரண்டு பேரும் ஆளுக்கு 50 நகர்வு ஆடியும் ஒரு சிப்பாயும் நகரவில்லை, ஒரு காயும் வெட்டப்படவில்லை என்றால் டிரா கோரலாம். 75 ஆகிவிட்டால் கோராமலே டிரா, கடைசி நகர்வு மேட்டாக இருந்தால் தவிர. 1989ல் பெல்கிரேடில் நிகோலிச்சும் அர்சோவிச்சும் ஆடிய ஆட்டம் 269 நகர்வு போய் டிரா ஆனது. யானையும் பிஷப்பும் எதிராக யானை என்ற அந்த முடிவுக்கு அன்று 100 நகர்வு வரை அனுமதி இருந்தது. பின்னர் எல்லா முடிவுக்கும் 50 என்றே ஆக்கிவிட்டார்கள்.

நேரம் முடிந்தும் டிரா ஆகுமா?

ஆகும். உங்கள் நேரம் தீர்ந்தாலும், எப்படி நகர்த்தினாலும் உங்களை மேட் செய்யவே முடியாத நிலையில் எதிராளி இருந்தால் டிரா. அவரிடம் ராஜா மட்டும் இருப்பது எளிய உதாரணம். ஆனால் கவனம்: அவரிடம் ஒரு குதிரையும் உங்களிடம் ஒரு சிப்பாயும் இருந்தால் விதிப்படி மேட் சாத்தியம், நீங்கள் தோற்றவர் ஆவீர்கள்.

இந்த டிராவால் ரேட்டிங் எவ்வளவு மாறியது?

200 புள்ளி வித்தியாசம் என்றால் மேலே உள்ளவர் சராசரியாக 0.76 எடுப்பார், கீழே உள்ளவர் 0.24 எடுப்பார் என்று ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறை எதிர்பார்க்கிறது. நான் 0.5 எடுத்தேன், கூடுதல் 0.26. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கில் எங்கள் அளவுக்கான பெருக்கல் எண் 20. ஆகவே எனக்கு 5.2 கூடியது, அவருக்கு 5.2 குறைந்தது. 30 ஆட்டம் முடிக்காத புதியவர்களுக்கு அந்த எண் 40. சம ரேட்டிங் உள்ளவரோடு டிரா என்றால் மாற்றமே இல்லை.

என்னைவிடக் குறைந்தவரோடு டிரா ஆனால் மனசு தாங்கவில்லையே?

புரிகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் எதிரில் உட்கார்ந்தவர் அன்று உங்கள் அளவுக்கு ஆடினார் என்பதை மதியுங்கள். எதிர்பார்ப்பு 0.76 என்று கணக்கே சொல்லும்போது, நாலில் ஒரு பங்கு ஏதோ ஒரு வகையில் கையைவிட்டுப் போகத்தான் செய்யும். அந்த வருத்தத்தோடு அடுத்த சுற்றில் எப்படியாவது வெல்ல வேண்டும் என்று போனால் ஒன்றரைப் புள்ளி போகும். நான் பார்த்திருக்கிறேன், பல பேரிடம்.

பத்து நகர்வில் பேசி டிரா செய்வது தவறா?

போட்டியின் விதி அனுமதித்தால் குற்றமில்லை. கடைசிச் சுற்றில் அரைப் புள்ளி பரிசைத் தரும் என்றால் கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற நேரத்தில் கேட்காதீர்கள் என்பது என் கருத்து. ஆட்டத்தின் முடிவுக் கட்டம் நமக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணமே அதுவரை போகாததுதான். என் 15வது நகர்வுக் கோரிக்கையை அவர் ஏற்றிருந்தால் பிலிடோர் நிலையை இன்றுவரை நான் உண்மையான ஆட்டத்தில் ஆடியிருக்க மாட்டேன்.

டிராவுக்கு எப்போதும் அரைப் புள்ளி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1867 பாரிஸ் போட்டியில் டிரா செய்த இருவருக்கும் பூஜ்யம். 1883 லண்டன் போட்டியில் டிரா ஆனால் மறுபடி ஆட வேண்டும், மூன்றாவது முறையும் டிரா ஆனால்தான் ஆளுக்கு அரை. 2005ல் சோஃபியாவில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பேசி டிரா செய்வதைத் தடுத்துப் போட்டி நடத்தினார்கள்.

உலகச் சாம்பியன்களே டிரா செய்கிறார்களே?

1984 செப்டம்பரில் தொடங்கிய கார்போவ்–காஸ்பரோவ் போட்டியில் 48 ஆட்டத்தில் 40 டிரா. ஆறு வெற்றி எடுப்பவர் சாம்பியன் என்று விதி. 5–3 என்ற நிலையில் 1985 பிப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்திவிட்டார்கள். 2018ல் கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டமும் டிரா, விரைவு ஆட்டத்தில்தான் கார்ல்சன் வென்றார்.

ஆனால் நான் புதியவர்களுக்குக் காட்டுவது 2024 சிங்கப்பூர் உலகச் சாம்பியன் போட்டியின் 14வது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆளுக்கு ஒரு யானை, ஒரு பிஷப். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் காப்பாற்றக்கூடிய நிலை அது. குகேஷ் அழுத்திக்கொண்டே இருந்தார். 55வது நகர்வில் டிங் யானைகளை மாற்ற முன்வந்தார். அப்படி மாற்றினால் பிஷப்களையும் மாற்றிவிட முடியும், மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். மேலே சொன்னேனே, அந்த முடிவில் ஒரு சிப்பாய் போதும். குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். "டிராதான், இனி என்ன இருக்கிறது" என்று அவர் கை கொடுத்திருந்தால் அந்த நகர்வு வந்திருக்காது.

டிரா ஆன ஆட்டத்தை எப்படி அலசுவது? கணினி 0.00 (சமநிலை) என்றுதானே காட்டுகிறது?

கணினியை முதலில் திறக்காதீர்கள். எதிராளியோடு பத்து நிமிடம் உட்காருங்கள். எங்கே பயந்தீர்கள், எங்கே வெல்வோம் என்று நினைத்தீர்கள் என்று மாறி மாறிச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பலகையில் இரண்டு வேறு ஆட்டம் ஆடியிருப்பது தெரியும். அப்புறம் கணினியில் மதிப்பு ஏறி இறங்கிய இடங்களை மட்டும் பாருங்கள். எங்கள் ஆட்டத்தில் அது இரண்டு இடத்தில் மாறியது: 19ல் என் குதிரை, 41ல் அவருடைய எச் சிப்பாய். 0.00 என்பது இரண்டு பக்கமும் குறையில்லாமல் ஆடினால் மட்டும் உண்மை. பிலிடோர் நிலைக்கும் 0.00தான். டி6க்குச் சிப்பாய் வந்ததும் யானையை எங்கே வைப்பது என்று தெரியாதவருக்கு அது தோல்வி.

அதே எதிராளியோடு மறுபடி ஆடினீர்களா?

சில மாதம் கழித்து ஆடினேன். மறுபடியும் யானை முடிவு, மறுபடியும் எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. ஜி சிப்பாயை மாற்ற மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அவர் ஒதுங்கிப் போனார். 71வது நகர்வில் தோற்றேன். கை கொடுத்தபோது "அந்த எச் சிப்பாயை நான் மறக்கவே இல்லை" என்றார்.